பறந்து வந்தவரும் கப்பலில் வந்தவரும்: மிகிந்தலை மலை ஏறுவது எப்படி, எதற்கு?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சுல வந்த திரும்பச் சொல்றதுகளை மட்டும் குறைச்சிருக்கோம்.)

திருமலைராயன்பட்டினத்திலிருந்து பேசறேன்.

நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு மாம்பழக் கதையைச் சொல்லித் தரவேண்டியதில்லை. ஆனிப் பௌர்ணமி அன்னிக்கு காரைக்கால்ல பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடியில நின்னு மாம்பழம் வீசுறதையும், கீழே அதைப் பிடிக்க நடக்கிற தள்ளுமுள்ளையும் பார்த்து வளர்ந்தவங்க நாம. புனிதவதியார்கிட்ட ரெண்டு மாம்பழம் வந்தது, ஒன்னை அடியாருக்குப் போட்டுட்டாங்க, புருஷன் ரெண்டாவதைக் கேட்டான்... மிச்சக் கதை உங்களுக்கே தெரியும்.

கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையில, இன்னொரு மாம்பழக் கதை இருக்கு. அதுவும் பௌர்ணமி. ஜூன் மாசப் பௌர்ணமியை அங்கே பொசொன் போயா என்கிறார்கள். நம்ம ஆனிப் பௌர்ணமி ஜூன்லயே விழுகிற வருஷங்கள்ல காரைக்கால்ல மாங்கனி வீசுற அதே நாள்ல, அங்கே லட்சக்கணக்கான பேர் வெள்ளை உடுத்தி ஒரு மலை ஏறிக்கிட்டு இருப்பாங்க. அந்த மலைதான் மிகிந்தலை. அநுராதபுரத்துக்குக் கிழக்கே ஏறக்குறைய 13 கிலோமீட்டர். இலங்கையில பௌத்தம் முதல்முதலா காலை வைத்த இடம் என்று அவர்கள் சொல்லும் மலை. ‘காலை வைத்த’ன்னு சும்மா சொல்லலை. கதைப்படி அது நடந்து வரலை, மிதந்து வரலை. பறந்து வந்து இறங்கிச்சு. இந்த எபிசோடே அந்தப் பறத்தலைப் பத்திதான்.

முதல்ல போற வழி. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர் 14-ல் கப்பல் தொடங்கினாங்க. சில நாள்லயே நின்னுபோச்சு. பிறகு 2024 ஆகஸ்ட் 16-ல் மறுபடி ஆரம்பிச்சது. கடல் தூரம் சுமார் 110 கிலோமீட்டர், நாலு மணி நேரப் பயணம். நம்ம ஊர்லேருந்து நாகூரைத் தாண்டினா துறைமுகம். பாஸ்போர்ட் வேணும், காலநிலை ஒத்துக்கணும், ஓடுதான்னு முன்கூட்டியே கேட்டுக்கணும். காங்கேசன்துறையில இறங்கி யாழ்ப்பாணம் வந்து ஏ9 சாலையைப் பிடிச்சா கிளிநொச்சி, வவுனியா, மதவாச்சி, அப்புறம் மிகிந்தலை. யாழ்ப்பாணத்திலிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர்.

இந்த வழியை இவ்வளவு விவரமா சொல்றதுக்குக் காரணம் இருக்கு. காங்கேசன்துறைக்கு மேற்கே சில கிலோமீட்டர்ல சம்பில்துறைன்னு ஒரு சின்னக் கடற்கரை. மகாவம்சம் சொல்கிற ஜம்புகோளப் பட்டினம் இதுதான் என்பது பெரும்பாலான ஆராய்ச்சியாளர்களின் முடிவு. அசோகரின் மகள் சங்கமித்தை போதிமரக் கிளையோட கப்பல்ல வந்து இறங்கின துறை அது. இதை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

சரி, மலைக்கு வருவோம்.

ஏறுறதுக்கு முன்னாடி அடிவாரத்துல நில்லுங்க. நிறைய பேர் படியைப் பார்த்ததும் ஏற ஆரம்பிச்சிடறாங்க. கீழேயே ஒரு ஆஸ்பத்திரியின் இடிபாடு இருக்கு. 9-ஆம் நூற்றாண்டுல இரண்டாம் சேனன் காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படுவது. நடு முற்றம், சுத்தி சின்னச் சின்ன அறைகள், ஒரு கல் தொட்டி. அந்தத் தொட்டி வெளியிலிருந்து பார்த்தா வெறும் நீள்சதுரக் கல். உள்ளே எட்டிப் பார்த்தா மனுஷ உடம்பு வடிவத்துல குடைஞ்சிருப்பாங்க. தலைக்கு, தோளுக்கு, காலுக்குன்னு இடம். நோயாளியை அதுல படுக்கவச்சு மருந்து எண்ணெயில, மூலிகைக் கஷாயத்துல ஊறவைக்கிற தொட்டி அது.

மொத்தம் 1,840 படி. பயப்படாதீங்க, பழனி மாதிரி இல்லை. அகலமான கருங்கல் படி, உயரம் கம்மி. முதல் பகுதியில வயசானவங்ககூட பேசிக்கிட்டே ஏறுவாங்க. ரெண்டு பக்கமும் ஈழத்தலரி மரம், படியெல்லாம் வெள்ளைப் பூ. முட்டி வலி உள்ளவங்களுக்குப் பாதி தூரம்வரை வண்டி போகிற பாதை ஒன்று தனியா இருக்கு. அதுல போறது தப்பில்லை. ஆனா அப்படிப் போனா வலது பக்கம் பிரிகிற கண்டக சேதியத்தைத் தவறவிட்டுடுவீங்க, அதுதான் எனக்குப் பிடிச்ச இடம்.

கண்டக சேதியம் ரொம்பப் பழைய தூபி. மேல்பாகம் சிதைஞ்சு செங்கல் மேடா இருக்கு. ஆனா நாலு திசையிலும் முன்னே துருத்திக்கிட்டு நிக்கிற கல் முகப்புகள், வாகல்கட என்று சொல்வார்கள், அதுல இருக்கிற சிற்பங்கள் இன்னும் நல்லா இருக்கு. யானை, சிங்கம், குதிரை, காளை, அப்புறம் வரிசையாக் குள்ள பூதங்கள். அந்தப் பூத வரிசையில ஒருத்தருக்கு யானைத் தலை. நம்ம ஆளுங்க அவரைக் கண்டுபிடிச்ச உடனே கன்னத்துல போட்டுக்குவாங்க. அவர் பிள்ளையாரா, பிள்ளையாருக்கு முந்தின ஒரு பூதகணமா என்பது ஆராய்ச்சியாளர்கள் பேசுகிற விஷயம். கன்னத்துல போட்டுக்கிறதுக்கு அந்த முடிவு வரணும்னு இல்லை.

தூபியைச் சுத்தி பாறைக் குகைகள். மகிந்தரும் கூட வந்தவர்களும் தங்க அரசன் 68 குகை அமைத்துக் கொடுத்ததாக மகாவம்சம் சொல்கிறது. மதுரைப் பக்கம் சமணர் படுகைகளைப் பார்த்தவங்களுக்கு இங்கே சட்டுனு ஒன்னு பிடிபடும். குகை வாசலுக்கு மேலே பாறையில ஒரு நீளமான வெட்டு. மழைத்தண்ணி உள்ளே வழியாம வெளியிலேயே சொட்டறதுக்கு. அரிட்டாபட்டியிலயும் மாங்குளத்துலயும் இதே வெட்டைப் பார்க்கலாம், நம்ம ஊர் ஆய்வாளர்கள் காடின்னு சொல்வாங்க. அதுக்குக் கீழே பிராமி எழுத்துல தானம் கொடுத்தவர் பேர். அங்கே பிராகிருதம், இங்கே தமிழ். அங்கே பௌத்தம், இங்கே பெரும்பாலும் சமணம். ஆனா பாறையை எப்படி வீடாக்கணும்ங்கிற தொழில்நுட்பம் ஒன்னு.

அதுக்கு மேலே தான சாலை. துறவிகள் சாப்பிட்ட இடம். சோத்துக்கும் கஞ்சிக்குமான பெரிய கல் தொட்டி ரெண்டு கிடக்கு. பக்கத்துல ரெண்டு கல் பலகை நிமிர்ந்து நிக்கும், 10-ஆம் நூற்றாண்டில் நான்காம் மகிந்தன் வெட்டிவைத்த சட்டதிட்டம். துறவிகள் விடியக்காலையில என்ன செய்யணும், மடத்துல வேலை பார்க்கிறவங்களுக்கு எவ்வளவு அரிசி, எவ்வளவு நிலம், கணக்கை எப்படி எழுதிவைக்கணும்னு எல்லாம் இருக்கு. தேவதைகளும் பறக்கிற துறவிகளும் இருக்கிற மலையில, சம்பளப் பட்டியலையும் கல்லுல வெட்டி வச்சிருக்காங்க. கதைக்கு இருக்கிற அளவு ஆயுசு கணக்குக்கும் கிடைச்சிருக்கு.

இப்போ நடு மேடை. அம்பஸ்தலம். அம்பன்னா பாலியில மாமரம், மாமரத்து இடம். செருப்பை இங்கே கழட்டிடணும். நடுவுல சின்ன வெள்ளைத் தூபி, சுத்தி ஒல்லியான கல் தூண்கள். கதை நடந்த இடம் இதுன்னு நம்பிக்கை.

கதை இது. மரபுக் கணக்குப்படி பொது ஆண்டுக்கு முன் 247. தேவானம்பிய திஸ்ஸன் வேட்டைக்கு வர்றான். ஒரு மான் தெரியுது. அது உண்மையில் மலையின் காவல் தேவதை. அரசனை இழுத்துக்கிட்டு வந்து இங்கே விட்டுட்டு மறைஞ்சிடுது. அப்போ பாறைக்குப் பக்கத்திலிருந்து யாரோ “திஸ்ஸா!”ன்னு கூப்பிடறாங்க. அரசனைப் பேர் சொல்லிக் கூப்பிட அந்த நாட்டுல யாருக்குத் துணிச்சல்? திரும்பிப் பார்த்தா மொட்டைத் தலை, மஞ்சள் துணி. அசோகரின் மகன் மகிந்தர். கூட நாலு தேரர்கள், சங்கமித்தையின் மகன் சுமணன் என்கிற சாமணேரர், இல்லறத்தார் ஒருத்தர்.

மகிந்தர் உடனே உபதேசம் பண்ணலை. முதல்ல சோதிக்கிறார். இது என்ன மரம்? மாமரம். இதைத் தவிர வேற மாமரம் இருக்கா? நிறைய இருக்கு. இந்த மாமரத்தையும் மத்த மாமரங்களையும் விட்டா வேற மரம் உண்டா? உண்டு, ஆனா அதெல்லாம் மாமரம் இல்லை. சரி, மத்த மாமரங்களையும் விட்டுடு, மாமரம் இல்லாத மரங்களையும் விட்டுடு, இன்னும் ஏதாவது மரம் மிச்சம் இருக்கா?

அரசன் சொல்றான்: இருக்கே, இந்த மாமரம்.

ஒன்பதாம் வகுப்புக் கணக்கு வாத்தியார் கணங்கள் பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை. அடுத்து அதையே மனுஷங்களை வச்சுக் கேட்கிறார். உனக்குச் சொந்தக்காரங்க உண்டா, சொந்தம் இல்லாதவங்க உண்டா, ரெண்டு கூட்டத்தையும் தள்ளிட்டா யார் மிச்சம்? நான்தான் மிச்சம்ங்கிறான். பாஸ். அதுக்கப்புறம்தான் யானையின் அடிச்சுவட்டை உவமையா வச்ச சுத்தத்தைப் போதிக்கிறார். அதோட சாரம், ஒரு பெரிய அடிச்சுவட்டைப் பார்த்த உடனே ‘இது பெரிய யானை’ன்னு முடிவுகட்டிடாதே, யானையைக் கண்ணால பார்க்கிறவரைக்கும் தேடிக்கிட்டுப் போ என்பது. கேட்டவுடனே நம்பாதேன்னு சொல்ற பாடம்தான் முதல் பாடமா அமைஞ்சிருக்கு.

காரைக்கால்லயும் பாருங்க, மாம்பழத்தின் எண்ணிக்கைதான் பிரச்சினை. ரெண்டு பழம் வந்தது, ஒன்னு போச்சு, ரெண்டாவது எங்கிருந்து? பரமதத்தன் கேள்வி கேட்டான், விடை கிடைச்சதும் பயந்து கப்பலேறி ஓடிட்டான். திஸ்ஸன்கிட்ட கேள்வி கேட்டாங்க, அவன் நின்னு பதில் சொன்னான். இந்த ஒப்பீடு என் சொந்தச் சரக்கு, எந்த ஆராய்ச்சியிலும் தேடாதீங்க.

இப்போ பறந்த விஷயம். மகாவம்சத்துல மகிந்தர் மத்திய இந்தியாவில், விதிசை மலையில், தாயைப் பார்த்துட்டு அங்கிருந்து ஆகாயத்துல எழும்பி நேரா இந்த மலையில இறங்குறார். அதே புத்தகத்துல தேவானம்பிய திஸ்ஸனின் தூதர் அரிட்டர் அசோகரைப் பார்க்கப் போறப்போ ஜம்புகோளத்துல கப்பலேறி தாம்ரலிப்தியில, அதாவது வங்காளக் கரையில, இறங்குறார். சங்கமித்தை தாம்ரலிப்தியில ஏறி ஜம்புகோளத்துல இறங்குறாங்க. துறைமுகப் பேரெல்லாம் சுத்தமா இருக்கு. அப்போ தங்கச்சி கப்பல்ல, தூதர் கப்பல்ல, அண்ணன் மட்டும் ஆகாயத்துலயா?

நம்ம மரபுலயும் பறத்தல் புதுசில்லை. மணிமேகலை பூம்புகார்லேருந்து மணிபல்லவத்துக்குத் தெய்வத்தால தூக்கிட்டுப் போகப்படறா, பிறகு மந்திரம் கத்துக்கிட்டுத் தானே பறக்கிறா. பௌத்தக் கதைகள்ல பறக்கிறது ஒரு வழக்கு, ஞானம் முதிர்ந்தவர்ங்கிறதுக்கு அடையாளம். அதனால ‘பறந்தாரா இல்லையா’ன்னு சண்டை போடறதுல அர்த்தம் இல்லை. எனக்கு முக்கியமாப் படறது வேற. பறந்து வந்தவர் வழியில எங்கேயும் இறங்க வேண்டாம். அசோகரிடமிருந்து அநுராதபுரத்துக்கு நேர்க்கோடு. நடுவுல சோழநாடு, பாண்டியநாடு எதுவும் இல்லை. 5-ஆம் நூற்றாண்டு வாக்கில், சம்பவம் நடந்ததாகச் சொல்லும் காலத்துக்கு 700 வருஷத்துக்கு மேல் கழித்து, அநுராதபுர மகாவிகாரையில் உட்கார்ந்து எழுதியவர்களுக்கு அந்த நேர்க்கோடு வசதியாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

அந்த நடுவுல என்ன இருந்திருக்கும்னு யோசிச்சவர் மயிலை சீனி. வேங்கடசாமி. 1940-ல வந்த ‘பௌத்தமும் தமிழும்’ நூல்ல அவர் வைக்கிற வாதம்: மகிந்தர் கடல்வழியா வந்திருக்கணும், வழியில காவிரிப்பூம்பட்டினத்துல தங்கியிருக்கணும், சிலப்பதிகாரமும் மணிமேகலையும் சொல்ற ஏழு இந்திர விகாரங்கள் அவரோட தொடர்புடையவை, மகேந்திரன் பேர்தான் ‘இந்திர’ன்னு ஒட்டிக்கிட்டு இருக்கு. காவிரிப்பூம்பட்டினம்னா நம்ம ஊர்லேருந்து வடக்கே சுமார் 40 கிலோமீட்டர். யோசிச்சுப் பார்த்தா நம்ம கரையோரமா ஒரு பாய்மரம் போன மாதிரி இருக்கும்.

கேட்க நல்லா இருக்கு, அதனாலதான் நிதானமாப் பார்க்கணும். ஆதரவான பக்கம்: அசோகரின் 13-ஆம் பாறைச் சாசனம் தன் தர்ம வெற்றி சோழர், பாண்டியர், தாமிரபரணி வரை எட்டியதாகச் சொல்கிறது. தாமிரபரணின்னா இங்கே இலங்கை. நாமும் இலங்கையும் ஒரே வரிசையில வர்றோம். 7-ஆம் நூற்றாண்டில் யுவான் சுவாங், பாண்டிய நாட்டுப் பகுதியில் மகேந்திரர் கட்டிய பழைய மடம் ஒன்றின் இடிபாடு இருப்பதாக எழுதியிருக்கிறார். எதிர்ப் பக்கம்: அசோகர் சாசனம் எதுலயும் மகிந்தர் பேரே இல்லை. யுவான் சுவாங் கணக்குல மகேந்திரர் அசோகரோட மகன் இல்லை, தம்பி. பூம்புகார்ல, மேலையூர்ப் பல்லவனீச்சரத்துல 1960-கள்ல தொல்லியல் துறை தோண்டி ஒரு பௌத்த விகாரையையும் புத்தபாதக் கல்லையும் எடுத்தாங்க. அருமையான கண்டுபிடிப்பு, ஆனா அது பொது ஆண்டு 4, 5-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மகிந்தர் காலத்துக்கும் அதுக்கும் நடுவுல ஏழு நூற்றாண்டு.

ஆக வேங்கடசாமி காட்டினது அடிச்சுவடு. யானையை இன்னும் யாரும் பார்க்கலை.

இந்த மாதிரிக் கதையோட வாழறது நம்ம ஊர்க்காரங்களுக்குப் பழக்கம்தான். காளமேகப் புலவருக்குத் திருமலைராயன் அவையில ஆசனம் தரலை, அவர் பாடின பாட்டுல மண்மாரி பொழிஞ்சு ஊரே மூடிப்போச்சுன்னு சொல்லித்தான் நம்மை வளர்த்தாங்க. கடலோர ஊர்ல மணல் ஏறறதுக்குப் புலவர் கோபப்படணும்னு இல்லைன்னு நமக்குத் தெரியும். ஆனாலும் கதையை விட்டுக்கொடுக்க மாட்டோம். ஒரு அரசவை, ஒரு அவமானம், மணலுக்குள்ள போன ஊருன்னு ஏதோ ஒன்னை அது ஞாபகம் வச்சிருக்கு. மிகிந்தலையையும் அப்படியே கேளுங்க.

போன எபிசோடுக்கு வந்த ஒரு கேள்வி இங்கே பொருந்தும். “அது சிங்களவங்க புனித இடம். நாம எதுக்கு அங்கே போய் நிக்கணும்?” கேட்டவர் சும்மா கேட்கலை. வடக்குலயும் கிழக்குலயும் ஒரு மலையில பழைய பௌத்தச் செங்கல் கிடைச்சா அடுத்து என்ன நடக்கும்னு பயப்பட ஜனங்களுக்குக் காரணம் இருக்கு. முல்லைத்தீவுக் குருந்தூர்மலை விவகாரம் நீதிமன்றம்வரை போச்சு. அங்கே கும்பிட்டுக்கிட்டு இருந்த தமிழ் ஜனங்க, தங்கள் வழிபாட்டுக்கே இடைஞ்சல்னு வழக்காடினாங்க. பௌத்தம்னா சிங்களம், அதனால பௌத்தச் சின்னம் இருக்கிற மண் சிங்கள மண்ணுன்னு ஒரு தரப்பு சொல்லுது. பௌத்தம்னா சிங்களம், அதனால நமக்கு வேண்டாம்னு நாம சொன்னா, அதே கணக்கைத்தான் நாமும் ஒத்துக்கிறோம்.

கல்லு வேற சொல்லுது. அநுராதபுரத்துல, அபயகிரிக்குப் பக்கத்துல, பாறையில வெட்டின ஒரு பிராமிக் கல்வெட்டு இருக்கு. தமிழ் இல்லறத்தார் சேர்ந்து அமைச்ச மண்டபம்னு சொல்லுது. யார் யார் எங்கே உட்காரணும்னு இருக்கைக்கு இருக்கை பேர். அதுல ஒரு இருக்கை ஒரு நாவிகனுக்கு, கப்பலோட்டிக்கு. வவுனியாப் பக்கம் பெரிய புளியங்குளத்துல துறவிகளுக்குக் குகை கொடுத்த விசாகன் தன்னைத் தமிழ் வணிகன்னே எழுதிவச்சிருக்கான். ரெண்டுமே பொது ஆண்டுக்கு முந்தையவை. மகிந்தர் எப்படி வந்தார்னு தெரியாது, ஆனா தமிழ்க் கப்பல்காரர்கள் அந்த நகரத்துக்குப் போனாங்க, பௌத்தத் துறவிகளுக்குத் தமிழர் தானம் கொடுத்தாங்க. இதுக்குக் கல்வெட்டே இருக்கு, கதை வேண்டாம்.

இந்தப் பக்கமும் அப்படித்தான். நாகப்பட்டினச் சூடாமணி விகாரத்தைப் பத்தித் தனி எபிசோடே வரும், அதனால இப்போ நீட்டலை. கீழ்வேளூர்ப் பக்கம் புத்தமங்கலம்னு ஊர்ப் பேர்லயே புத்தர் இருக்கார், சிலையாவும் இருக்கார். சோழநாட்டுப் புத்தர் சிலைகளை ஊர் ஊராப் போய்ப் பதிவு பண்ணின முனைவர் பா. ஜம்புலிங்கம் எழுதினதைத் தேடிப் படிங்க. சில ஊர்கள்ல சனங்க புத்தரைச் செட்டியார்னும் ரிஷின்னும் கூப்பிட்டு விளக்கேத்திக்கிட்டு இருக்காங்க.

மறுபடி மலைக்கு. அம்பஸ்தலத்துக்கு மேலே ரெண்டு ஏற்றம் பாக்கி. ஒன்னு ஆராதனைப் பாறை. மகிந்தர் வந்து இறங்கினது இதுலதான்னு சொல்வாங்க. செங்குத்துப் பாறையில வெட்டின குறுகலான படி, பிடிச்சுக்க இரும்புக் கம்பி. மத்தியானம் போனா பாறை காலைச் சுடும், கம்பி கையைச் சுடும். காலையில ஏழு மணிக்குள்ள போயிடுங்க, இல்லை சாயங்காலம் நாலரைக்கு மேல. உச்சியில காத்து ஆளைத் தள்ளும், துண்டு, தொப்பியெல்லாம் கீழேயே வச்சிடுங்க. அங்கேருந்து பார்த்தா காடு, குளம், மறுபடி காடு, மேற்கே அடிவானத்துல அநுராதபுரத்துத் தூபிகள். இன்னொரு ஏற்றம் மகாசாயா, உச்சியில இருக்கிற பெரிய வெள்ளைத் தூபி. அதைச் சுத்தி வர்றப்ப வலமா வாங்க, சத்தமாப் பேசாதீங்க, புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்காதீங்க. தோளும் முட்டியும் மூடின உடுப்பு கட்டாயம். சாப்பாட்டுப் பையைக் கையில தொங்கவிட்டா குரங்கு வாங்கிக்கும்.

மகிந்தர் படுத்த குகைன்னு ஒரு இடம் இருக்கு, அம்பஸ்தலத்திலிருந்து சரிவுல இறங்கிப் போகணும். ஒரு பெரிய பாறை, அதன் அடியில ஒரு ஆள் படுக்கிற அளவுக்குக் கல் பலகை. அவ்வளவுதான். ஆரம்பத்துல காட்டின அந்த ஆஸ்பத்திரித் தொட்டியையும் இந்தப் படுக்கையையும் ஒரே நாள்ல பாருங்க.

இறங்கின பிறகு நேரம் இருந்தா களுதிய பொக்குணவுக்குப் போங்க. மலையோட மேற்கு அடிவாரத்துல பாறைகளுக்கு நடுவுல ஒரு குளம், பேருக்குக் கருந்தண்ணிக் குளம்னு அர்த்தம். பஸ்ல வர்ற கூட்டம் அந்தப் பக்கம் அதிகம் வராது. கரையில கல் தூண்கள், பழைய மடத்துக் கட்டடங்களின் அடித்தளம், தண்ணியில பாறையோட நிழல். ஒரு மணி நேரம் ஒதுக்குங்க.

அடுத்த எபிசோடு சூடாமணி விகாரம். நாகப்பட்டினத்துல 1867-ல இடிக்கப்பட்ட கோபுரத்துலேருந்து ஆரம்பிக்கிறேன். இந்தக் கடற்கரையில எங்கேயாவது புத்தர் சிலையை வேற பேர்ல கும்பிடறதை நீங்க பார்த்திருந்தா, ஊர்ப் பேரையும் அங்கே சொல்ற பேரையும் எழுதி அனுப்புங்க. சிலையைத் தொட வேண்டாம், நகர்த்த வேண்டாம்.